இரண்டு வருடம் தூக்கிய ஸ்டெப்னி

குரோம்பேட்டையில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அந்த வயதில் புதிதாக ஒரு வேலை கற்றுக்கொள்வதும் கஷ்டம், கற்றுக்கொள்ளாமல் இருப்பதும் கஷ்டம். எனக்குத் தெரிந்த இன்னொரு காரியம் வண்டி ஓட்டுவது மட்டும்தான். தாம்பரம் மேற்கில் ஒரு கண்ணாடிக் கடையில், கட்டடங்களுக்குக் கண்ணாடி கொண்டுபோய் இறக்க ஆள் தேவை, ஆனால் வண்டி சொந்தமாக இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. முடிச்சூர் பக்கம் வயல்களெல்லாம் மனைகளாகி, மனைகளெல்லாம் அடுக்குமாடிகளாகிக்கொண்டிருந்த சமயம். கண்ணாடிக்கு வேலை குறைவே இல்லை.

பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கினோம். சாதாரண பிக்கப்பில் கண்ணாடி ஏற்ற முடியாது. படுக்க வைத்தால் உடையும், நிற்க வைத்தால் சாயும். இரண்டு பக்கமும் சரிவாக இரும்புச் சட்டம் அடித்து, அதில் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்திக் கட்ட வேண்டும். அந்த வேலையை எனக்குச் செய்து தந்தவர் என் மனைவியின் அண்ணன்.

மச்சானுக்கு முடிச்சூர் ரோட்டில் வெல்டிங் பட்டறை இருந்தது. இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிறவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பெரிய உருவம், குறைந்த பேச்சு. தன் கை வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் வாய் திறக்கும். என் வண்டிக்காக மூன்று வாரம் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்தார். சட்டத்துக்கு ரப்பர் ஒட்டினார். ஓட்டுநர் அறைக்கு மேலே அலுமினியக் கம்பிகளை நீளவாக்கில் போட்டுக்கொள்ள ஒரு கேரியர் வைத்தார். வண்டியின் பின்பக்கம், தளத்துக்கு அடியில், ஒரு இரும்புப் பெட்டி தொங்கவிட்டார். கண்ணாடியைப் பிடித்துத் தூக்கும் ரப்பர் கப்புகள், கையுறை, கயிறு, சாக்கு, ஜாக்கி எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனிக் கொக்கி. வண்டியை எடுக்கப் போன அன்று அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறந்து காட்டினார். பக்கத்து டீக்கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பெட்டியில் பூட்டுக்கூட வைத்திருந்தார். என் மனைவிக்கு அண்ணனைப் பார்த்துப் பெருமை தாங்கவில்லை.

பட்டறைச் சுவரோரம் வண்டியின் மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னி சாய்ந்து நின்றது. அந்த வண்டியில் ஸ்டெப்னி தொங்கும் இடம் தளத்துக்கு அடியில், பின்பக்கம். அதே இடத்தில்தான் மச்சான் பெட்டியை வைத்திருந்தார். நான் அதைப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, மேலே கேரியரில் போட்டுக்கொள்ளலாம், அதற்கும் சேர்த்துத்தான் கனமான கம்பியில் செய்திருக்கிறேன் என்றார். நானும் சரி என்றேன். அவரே ஒரே தூக்கில் அதை மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்.

முதல் வாரமே விஷயம் தெரிந்துவிட்டது. கடையில் கண்ணாடியோடு சேர்த்து ஜன்னலுக்கான அலுமினியக் கம்பிகளையும் ஏற்றினார்கள். பன்னிரண்டு அடி நீளம். கேரியரில் ஸ்டெப்னி கிடந்தால் கம்பி உட்காராது. கம்பி உட்கார்ந்தால் ஸ்டெப்னிக்கு இடமில்லை. ஸ்டெப்னியை இறக்கி, பின்னால் இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் கட்டிப் போட்டேன். கேம்ப் ரோட்டில் ஒரு வேகத்தடையில் கட்டு தளர்ந்து, நகர்ந்துபோய் ஒரு நிலைக்கண்ணாடியின் மூலையில் இடித்தது. அதற்குப் பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் அதை வைக்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

மிஞ்சியது என் பக்கத்து சீட்டுதான். அங்கே நிறுத்தி, சீட்டின் இரும்புக் காலோடு சேர்த்துக் கட்டினேன். கியர் போடும்போது விரல் முட்டி அதில் இடிக்கும். வெயிலில் ரப்பர் வாடை கிளம்பும், மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சோற்றிலும் அதே வாடை. சீட்டு கறுத்துப்போனது. கடையிலிருந்து கூடவே வருகிற ஃபிட்டர் அதைப் பார்த்துவிட்டு, தன் பைக்கிலேயே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பக்கத்துக் கண்ணாடி ஜன்னல் மேலே ஏறாது. வண்டியை நிறுத்தும் தெருவில் ஸ்டெப்னி திருட்டு சர்வ சாதாரணம். நாங்கள் இரும்புலியூரில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம் வீட்டுக்காரர்கள். நிலத்தை விற்றுக் கட்டிய வீடு. வீட்டுக்கார அக்கா நல்ல மனுஷிதான். ஆனால் மாடிப்படிக்கு அடியில் டயர் வைக்கலாமா என்று கேட்டபோது, அங்கே தண்ணீர் மோட்டார் இருக்கிறது, இடைஞ்சல் என்று சொல்லிவிட்டார். ஆகவே தினமும் வேலை முடிந்ததும் நான் ஸ்டெப்னியைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுப் படி ஏறுவேன். காலையில் அதையே தூக்கிக்கொண்டு பதினெட்டுப் படி இறங்குவேன். வீட்டில் அதற்கு ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஓர் இடம். கீழே பழைய நாளிதழ் விரித்திருப்போம். என் மகள் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். சில நாள் அதன் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், பாவாடை கறுப்பாகி அம்மாவிடம் திட்டு வாங்குவாள்.

மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். எல்லோரும் கேட்கக்கூடியது அதுதான், நானும் பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன். முதல் வாரம் சொல்லியிருந்தால் அது வெறும் தகவல். அப்போது சொல்ல வாய் வரவில்லை. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை ஒரு மனிதர் மூன்று வாரம் வேர்வை சிந்தி எழுப்பி நிறுத்தியிருக்கிறார், அவரிடம் போய் பெட்டி வைத்த இடம் தப்பு என்று எப்படிச் சொல்வது? கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வந்து குறுக்கே நின்றது. ஆறு மாதம் கழித்துச் சொன்னால் அது தகவல் இல்லை, குற்றம் சொல்வது. ஒரு வருடம் ஆனதும் நான் சொல்லும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். மனைவியும், அண்ணன் மனசு நோகும், விடுங்க என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் வீட்டுக்குப் போவோம். மனைவிக்கும் மகளுக்கும் சீட்டு வேண்டும், அதனால் ஸ்டெப்னியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மச்சான் முதலில் பார்ப்பது வண்டியைத்தான். சுற்றி வருவார், சட்டத்தைத் தட்டிப் பார்ப்பார், பெட்டியைத் திறந்து மூடுவார், மேலே அண்ணாந்து பார்ப்பார். அதனால் ஸ்டெப்னியை எடுத்துக்கொண்டு போவேன்; கேம்ப் ரோட்டில் ஆனதுபோல மேலேயும் என் கட்டு தளர்ந்து யார் மேலாவது விழுந்துவிடும் என்ற பயத்தில், வழியெல்லாம் பின்னால்தான் போட்டிருப்பேன். கண்ணாடி இல்லாத நாள் என்பதால் உருண்டாலும் பயமில்லை. அவர் தெருவுக்கு முந்தின தெருவில் வண்டியை நிறுத்துவேன். மனைவியும் மகளும் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். நான் சக்கரத்தின் மேல் ஒரு கால் வைத்து ஏறி, ஸ்டெப்னியை மூச்சுப் பிடித்துக் கேரியரில் ஏற்றி, கயிறு கட்டி, கையைத் துடைத்துக்கொண்டு அதன் பிறகு அவர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். திரும்பும்போது அதே தெருவில் நிறுத்தி இறக்குவேன். ஒரு நாள் அந்தத் தெருவில் குடியிருந்த ஒரு பெரியவர், வாராவாரம் இங்கே எதற்கு டயரை ஏற்றி இறக்குகிறீர்கள் என்று கேட்டார். அதற்கப்புறம் வேறு தெரு பார்த்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் இப்படியே போனது. சலிப்பு என்பது தனியாக ஒரு நாளில் வந்ததில்லை. படி ஏறும்போது ஏழாவது படியில் ஒரு மூச்சு வாங்குவேன், பிறகு அது ஐந்தாவது படியில் வந்தது. காலையில் கண் விழித்ததும் முதலில் நினைவுக்கு வருவது ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருப்பதுதான். கடைக்காரர், சைட் மேஸ்திரி, வெயில், வேளச்சேரி ரோட்டு நெரிசல் எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம் போலத் தோன்றும். அந்தப் பதினெட்டுப் படியை நினைத்தால் மட்டும் உடம்பு கனக்கும்.

ஒரு நாள் காலையில் வலது கையை மேலே தூக்க முடியவில்லை. சட்டை போட மனைவி உதவி செய்ய வேண்டியிருந்தது. டாக்டர் தோள்பட்டை இறுகிவிட்டது என்றார், ஒரு மாதம் கனம் தூக்கக் கூடாது, வண்டியும் ஓட்டாமல் இருந்தால் நல்லது என்றார். நான் கடைக்குச் சொல்லிவிட்டுப் படுத்தேன். மனைவி என்னிடம் சொல்லாமல் அண்ணனுக்கு போன் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மச்சான் வந்து நின்றார். பட்டறையை ஒரு வாரம் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், நானே வண்டி ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வழி மட்டும் சொன்னால் போதும் என்றார். டீ குடிக்கச் சமையலறைப் பக்கம் வந்தவர் ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஸ்டெப்னியைப் பார்த்தார்.

"இது இன்னா இங்க கீது?"

மனைவி என்னைப் பார்த்தாள். திருட்டு பயம், அதனால் மேலே கொண்டுவந்து வைத்திருக்கிறோம் என்று நான் சொன்னேன். அதுவும் உண்மைதானே. அவர் தலையாட்டிவிட்டு, அதைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னாலேயே ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவர் அதைக் கேரியரில் ஏற்றிக் கட்டினார்.

கடையில் அலுமினியக் கம்பி வந்தது. ஏற்றுகிறவர், அண்ணா, அந்த டயரை எடுத்து எப்பவும்போல உள்ளே வையுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எப்பவும்போல என்ற சொல்லை மச்சான் கேட்டார். ஏறி அவிழ்த்தார், இறக்கினார். பின்னால் சட்டங்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் முன் சீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்தேன். ஸ்டெப்னி என் முழங்கால்களுக்கு நடுவில் நின்றது. அன்று முதலில் கோவிலம்பாக்கம், அடுத்து கூடுவாஞ்சேரி.

கோவிலம்பாக்கத்தில் அலுமினியக் கம்பியும் பாதிக் கண்ணாடியும் இறங்கின. திரும்பும்போது கேரியர் காலி. மச்சான் ஸ்டெப்னியை மறுபடி மேலே ஏற்றவில்லை. சீட்டின் கறுப்பையும் இரும்புக் காலில் கயிறு உரசித் தேய்ந்த தடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இரும்பு வேலை செய்கிறவர். எத்தனை நாள் உரசினால் இரும்பில் அப்படித் தடம் விழும் என்பது அவருக்குத் தெரியும்.

வண்டலூர் தாண்டியதும் பின் சக்கரம் பஞ்சராகிவிட்டது. ஓரம் கட்டினோம். உச்சி வெயில். லாரிகள் போகும்போது வண்டியே ஆடியது. நான் இடது கையால் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு நின்றேன். நான் தாங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனால் சும்மா நிற்க முடியவில்லை. மச்சான் பெட்டியைத் திறந்து ஜாக்கி எடுத்தார். சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தார். நட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, பஞ்சரான சக்கரத்தை எடுத்து, ஸ்டெப்னியை மாட்டி, நட்டை முறுக்கி, ஜாக்கியை மெதுவாக இறக்கினார்.

வண்டியோடு சேர்ந்து ஸ்டெப்னியும் இறங்கியது. டயர் தரையில் அப்பளம் மாதிரி பரவியது.

நான் எத்தனை முறை அதைத் தூக்கியிருப்பேன். எவ்வளவு ஏற்றி இறக்கியும் ஒரு தடவைகூட அதில் காற்று இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது. மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நிழலில் நில்லுங்கள் என்று மட்டும் சொன்னார். மறுபடி ஜாக்கி போட்டார், மறுபடி கழற்றினார். ஸ்டெப்னியை ரோட்டோரமாக உருட்டிக்கொண்டு ஊரப்பாக்கம் பக்கம் நடந்தார். வெகுதூரம் வரை அவர் முதுகு தெரிந்தது. அவருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உருட்டிக்கொண்டே திரும்பி வந்தார். காற்று அடைக்கும் வால்வு கெட்டிருந்ததாம், மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மாட்டி முடித்து, ஜாக்கியை எடுத்து, இந்த முறை சக்கரம் நின்றது. பாட்டில் தண்ணீரில் பாதியைக் குடித்து, மீதியை முகத்தில் ஊற்றிக்கொண்டு, வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டார்.

"எத்தினி நாளா மாப்ள இது?"

"எடுத்த வாரத்துலேர்ந்து மச்சான்."

"ஞாயித்துக்கெழமை வர்றப்ப மேலதான இருந்துச்சு?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அவர் வீட்டுக்கு முந்தின தெருவில் நிறுத்தி மேலே ஏற்றுவதையும், திரும்பும்போது இறக்குவதையும் சொன்னேன். பதினெட்டுப் படியையும் சொன்னேன். அவர் சிரித்துவிடுவார் என்று எங்கோ ஒரு நினைப்பு எனக்கு. அவர் சிரிக்கவில்லை.

"ஒரு பொட்டிய அறுத்து எடுக்க அரை நாளு. அத்த சொன்னா தாங்க மாட்டாத ஆளுன்னா என்னிய நெனச்சீங்க? அவ்ளோ சின்ன மனுசனா நானு?"

மரியாதைக்காகத்தான் சொல்லவில்லை என்று வாய் வரை வந்தது. அவர் கேட்டதற்குப் பிறகு அந்தச் சொல் எனக்கே சரியாகப் படவில்லை. அவரைப் பற்றி நான் அப்படி நினைத்ததில்லை. ஆனால் இரண்டு வருடமும் அப்படி நினைத்தவன் போலத்தான் நடந்திருக்கிறேன். ஏறி உட்கார்ந்தேன். பஞ்சரான சக்கரம் என் முழங்கால்களுக்கு நடுவில் வந்து நின்றது.

கூடுவாஞ்சேரியில் மீதிக் கண்ணாடியை இறக்கிவிட்டு, வழியில் பஞ்சரும் ஒட்டிவிட்டுத் திரும்பினோம். அவரே டயரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைத்தார். தங்கை கொடுத்த டீயை வேண்டாம் என்றார். அந்த வாரம் முழுக்கத் தவறாமல் காலை ஏழு மணிக்கு வந்து வண்டி ஓட்டினார். வழி கேட்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஒரு நாள்கூட அந்தப் பெட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் கடையிலேயே வேறு ஓட்டுநரைப் பார்த்துக்கொடுத்தார்கள், மச்சான் வருவது நின்றது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் போகவில்லை, அவரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. மூன்றாவது வாரம் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். அண்ணன் நன்றாகப் பேசினார், சாப்பிட வைத்தார், உங்கள் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார், அவ்வளவுதான் என்றாள். பிறகு, நான்தான் விடுங்க என்று சொன்னேன், என் மேலும் தப்பு இருக்கிறது என்றாள். அன்று நாங்கள் இருவரும் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. சோர்வாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியே வரும்போது போன் வந்தது. மச்சான்தான். வண்டியைப் பட்டறைக்கு எடுத்து வரச் சொல்லுங்கள் என்றார். கை ஓரளவு சரியாகியிருந்தது, நானே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். அவர் ஏற்கெனவே கேஸ் கட்டரை வெளியே எடுத்து வைத்திருந்தார். வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். பெட்டியை அறுத்து இறக்கினார். கழற்றி வைத்திருந்த பழைய ஸ்டெப்னிச் சங்கிலியும் கொக்கியும் பட்டறை மூலையில் பத்திரமாக இருந்தன. அதை மாட்டி, ஸ்டெப்னியை அடியில் ஏற்றி, இழுத்துப் பார்த்து, பூட்டும் போட்டார். சொன்னபடி அரை நாள்கூட ஆகவில்லை. அறுத்த பெட்டியை என்ன செய்தார் என்று தெரியாது. நான் கேட்கவில்லை. கயிறும் சாக்கும் வைக்க என் சீட்டுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி போதுமானதாக இருந்தது.

வேலை முடிந்ததும் உள்ளே சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டோம். முடிச்சூர் ஏரி பக்கம் புதிதாக வருகிற அடுக்குமாடிக்குத் தனக்குக் கிரில் வேலை கிடைத்திருப்பதைச் சொன்னார். கண்ணாடி வேலை யாருக்குப் போகும் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார். கிளம்பும்போது, மன்னித்துவிடுங்கள் மச்சான் என்றேன். அதெல்லாம் எதற்கு என்று என் தோளில் தட்ட வந்தவர், எந்தத் தோள் என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்த வண்டியை இன்னும் நாலு வருடம் ஓட்டினேன். படியில் வெறுங்கையோடு ஏறுவது பழக ஒரு மாதம் ஆனது. தோள் முழுக்கச் சரியாகவில்லை, மழைக்காலத்தில் இன்றும் வலிக்கும்.

மச்சான் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ செய்து தந்தார். மொட்டைமாடிக்குக் கொடிக்கம்பி, மகளுக்குப் புத்தக அலமாரி, மனைவிக்குக் கேஸ் அடுப்பு மேடை. ஒவ்வொன்றையும் செய்யும் முன்னால் அளவு கேட்பார், உயரம் கேட்பார், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கேட்பார். வைத்து முடித்த பிறகும், "சரியா கீதா மாப்ள? இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க" என்பார். சரியாக இருக்கிறது மச்சான் என்பேன். என் முகத்தைப் பார்த்து மறுபடி கேட்பார். உண்மையாகவே சரியாக இருந்த நாட்களிலும் அவர் நம்புவதற்கு நான் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.